ஆஸ்பத்திரியில் புது நோய் வருவது ஏன்?

கால் எலும்பு முறிந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஆபரேஷன் செய்து படுக்க வைக்கிறார்கள். நாலாம் நாள் காய்ச்சல் அடிக்கிறது. புண்ணில் சீழ் பிடிக்கிறது. இது வீட்டில் இருந்து கொண்டு போன நோய் அல்ல. ஆஸ்பத்திரியில் பிடித்த நோய்.

இது எங்கோ ஒரு இடத்தில் நடப்பது அல்ல. 2022-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. பணக்கார நாடுகளில் ஆஸ்பத்திரியில் படுக்கும் 100 பேரில் 7 பேருக்குப் புதிதாக ஒரு நோய் தொற்றுகிறது. நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்குத் தொற்றுகிறது. அப்படித் தொற்றியவர்களில் 10 பேருக்கு ஒருவர் இறந்து போகிறார்.

பிழைக்கப் போன இடத்தில் சாவு!

கிருமி எப்படி வருகிறது? சில கிருமிகள் காற்றில் வரும். ஆனால் ஏராளமானவை கையில்தான் வருகின்றன. ஒரு நோயாளியைத் தொட்ட கை, அடுத்த கட்டிலுக்குப் போகிறது. கிருமியும் கூடவே போகிறது. கை கழுவுவது முதலான எளிய காரியங்களை ஒழுங்காகச் செய்தால், இந்தத் தொற்றில் 100-க்கு 70-ஐத் தடுக்கலாம் என்கிறது அதே நிறுவனம்.

இது புதிய கண்டுபிடிப்பா? இல்லை. 1847-ம் ஆண்டிலேயே தெரிந்த விஷயம்!

இரண்டு வார்டுகள்

ஆஸ்திரியா நாட்டின் தலைநகரம் வியன்னா. அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதில் இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். மற்றதில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள்.

1846-ல் டாக்டர்கள் வார்டில் 100 தாய்மாரில் 11 பேர் இறந்தார்கள். காரணம், பிரசவ ஜன்னி. மருத்துவச்சிகள் வார்டில் இறந்தவர்கள் 100-க்கு 3 பேர் கூட இல்லை. ஊருக்கே இது தெரியும். "அந்த வார்டில் மட்டும் சேர்க்காதீர்கள்" என்று கர்ப்பிணிகள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள்.

அங்கே வேலை பார்த்த இளம் டாக்டர் செம்மெல்வைஸ். ஏன் இந்த வித்தியாசம் என்று அவர் மண்டையை உடைத்துக் கொண்டார். 1847 மார்ச் மாதம் அவருடைய நண்பர் ஒருவர் இறந்தார். பிணத்தை அறுத்துச் சோதித்தபோது, ஒரு மாணவனின் கத்தி அந்த நண்பரின் விரலில் பட்டுவிட்டது. அதுதான் காரணம். நண்பரின் உடலைச் சோதித்தபோது, ஜன்னியில் இறந்த தாய்மாரின் உடலில் கண்ட அதே அடையாளங்கள் இருந்தன.

செம்மெல்வைசுக்கு விளங்கிவிட்டது. டாக்டர்கள் பிணத்தை அறுக்கிறார்கள். அதே கையோடு பிரசவம் பார்க்க வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவது இல்லை!

மே மாதம் உத்தரவு போட்டார். குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டுத்தான் வார்டுக்குள் வரவேண்டும். (இன்று பிளீச்சிங் பவுடர் என்கிறோமே, ஏறக்குறைய அதுதான்.) ஏப்ரலில் 100-க்கு 18 பேர் இறந்த அந்த வார்டில், ஜூலையில் 100-க்கு ஒருவர்தான் இறந்தார்.

பாராட்டுக் கிடைத்ததா? அதுதான் இல்லை. தங்கள் கையே எமன் என்று ஒப்புக்கொள்ளப் பெரிய டாக்டர்கள் பலருக்கு மனம் வரவில்லை. 1849-ல் அவருடைய வேலை போயிற்று. அவர் பேரிலும் குறை உண்டு. 1861 வரை புத்தகமாக எழுதவே இல்லை. பிறகு எழுதியதிலும் வசவுதான் அதிகம். 1865-ல் மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில், 47 வயதில் இறந்தார்.

நேரம் எங்கே?

இன்று எந்த டாக்டரும் மறுப்புச் சொல்ல மாட்டார். அப்படியானால் கை கழுவாதது ஏன்? சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது முழு உண்மை ஆகாது.

ஜெனிவா நகர ஆஸ்பத்திரியில் டிடியே பித்தே என்ற டாக்டர் 1990-களில் கணக்கு எடுத்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நர்சு, மணிக்கு 20 தடவைக்கு மேல் கை கழுவவேண்டி இருந்தது. ஒரு தடவை குழாயடிக்குப் போய்வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். கூட்டிப் பாருங்கள். பாதி நேரம் குழாயடியிலேயே போய்விடும்! நோயாளியை யார் கவனிப்பது?

பித்தே ஒரு வழி செய்தார். நர்சைக் குழாயிடம் அனுப்பவில்லை. ஆல்கஹால் கலந்த கை மருந்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தார். 20 அல்லது 30 விநாடி தேய்த்தால் போதும். 1994-ல் கை சுத்தம் செய்யவேண்டிய 100 தடவையில் 48 தடவைதான் செய்தார்கள். 1997-ல் அது 66 ஆயிற்று. தொற்று ஏறக்குறைய 100-க்கு 17-ல் இருந்து 10 ஆகக் குறைந்தது. கண்டிப்பை விட வசதி நன்றாக வேலை செய்கிறது.

அழுக்கோ ரத்தமோ பட்ட கைக்கு மட்டும் இந்த மருந்து போதாது. அதற்குச் சோப்பும் தண்ணீரும் வேண்டும். பேதி நோயாளியைத் தொட்ட கைக்கும் அப்படியே. உறை மாட்டியவர்களும் தப்ப முடியாது. ஒரே உறையோடு நாலு கட்டிலைச் சுற்றினால், உறையும் கையும் ஒன்றுதான்.

நம் கை

நம் ஊரில் இன்னொரு சங்கதி உண்டு. நோயாளிக்குச் சோறு ஊட்டுவது யார்? உடம்பு துடைப்பது யார்? பெரும்பாலும் தாய், மனைவி, மகள். பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஒரு கை கொடுப்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் அந்தக் கையும் கட்டிலுக்குக் கட்டில் போகிறது. டாக்டருக்கு உள்ள விதி அவர்களுக்கும் உண்டு. நோயாளியைத் தொடுமுன் ஒரு தடவை, தொட்டபின் ஒரு தடவை.

கழுவுவதற்குத் தண்ணீர் வேண்டாமா? கட்டில் அருகே கை சுத்தம் செய்ய வசதியும், கக்கூசில் தண்ணீரும் சோப்பும் சேர்ந்து இருப்பது உலகத்து மருத்துவ நிலையங்களில் ஏறக்குறைய பாதியில்தான். இதுவும் 2022-ல் வந்த கணக்குத்தான். குழாயைப் போடாமல் நர்சைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

2020-ல் கொரோனா வந்தபோது கடைக்குக் கடை கை மருந்து பாட்டில் வைத்தார்கள். பயம் போனது. பாட்டிலும் போனது. ஆஸ்பத்திரியில் அப்படிப் போகக்கூடாது. சுவரில் பாட்டில் இருந்தால் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். காற்று மட்டும் வந்தால், வார்டு நர்சிடம் சொல்லுங்கள். "டாக்டர், கை கழுவினீர்களா?" என்று கேட்க எல்லோருக்கும் வாய் வராது. "இந்தப் பாட்டிலில் மருந்து இல்லை அம்மா" என்று சொல்ல யாருக்கும் கூச்சம் வேண்டாம்.