புஸ்தகசாலையும் பூட்டும்

சென்னைச் சர்வகலாசாலை ஸ்தாபிக்கப்பட்டது 1857-ம் வருஷத்தில். அதன் புஸ்தகசாலைக்கு முதல் லைப்ரேரியன் நியமனமானதோ 1924-ல். இடையே கழிந்தவை 67 வருஷங்கள்! பரீக்ஷை நடத்திப் பட்டமளித்து உத்தியோகத்திற்கு ஆள் சேர்ப்பதே கல்வியென்று எண்ணிய அந்நிய ஆட்சிக்குப் புஸ்தகசாலையில் என்ன அக்கறை?

பிரஸிடென்ஸி காலேஜில் கணிதம் போதித்துவந்த ஸ்ரீ எஸ். ஆர். ரங்கநாதன் அப்பதவியை ஏற்றார். முதலில் அவ்வேலையின் தனிமை பொறாது, கணிதத்திற்கே திரும்பிவிட விரும்பினாராம். பின்னர் லண்டன் சென்று அங்குள்ள புஸ்தகசாலைகளைக் கண்டு வந்தவர், வாசகர் தாமே அலமாரியை அணுகிப் புஸ்தகத்தை எடுத்துப் பார்க்கும் வழக்கத்தை இங்கே ஏற்படுத்தினார். புஸ்தகம் காவலுக்கன்று, கையாளுவதற்கே என்பது 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதன் கருத்து.

அவ்விதியை நம் மாணவர்கள் இன்றும் நெட்டுருப் போடுகிறார்கள். அவர்கள் பயிலும் கல்லூரிகள் சிலவற்றிலோ அலமாரிக்குப் பூட்டு! லைப்ரேரியனை நாம் குறைகூறோம். தொலைந்த புஸ்தகத்தின் விலையை அவர் சம்பளத்தில் பிடிப்பதானால், எவர்தாம் பூட்டைத் திறப்பார்? விலைகொடுத்து வாங்க இயலாத ஏழை மாணவனல்லவோ வெறுங்கையோடு திரும்புகிறான்! நிர்வாகிகள் அப்பிடித்தத்தை உடனே ரத்து செய்து, வருஷந்தோறும் தொலையும் சில புஸ்தகங்களைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.