செதிலுக்கும் விலை கிடைக்க வேண்டும்

ஏற்காட்டில் வார இறுதியில் பொரிபடும் மீன், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்திலிருந்து மலையேறி வருகிறது. சதை தட்டுக்குப் போகிறது. செதிலும் தோலும் குடலும் பல இடங்களில் ஓடையோரம் கொட்டப்படுகின்றன. சேர்வராயன் மலையில் கொட்டியது மழையோடு கீழே இறங்கி, நம் கிணற்றுக்கும் வயலுக்கும்தான் வந்து சேரும்.

ஒரு கிலோ கட்லாவைச் சுத்தம் செய்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிவு. இந்தக் கழிவில் செதிலும் தோலும் தனி மதிப்புள்ளவை. இரண்டிலும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. புண்ணின்மேல் கொலாஜன் படலத்தை வைத்தால், புதிய செல்கள் அதைப் பற்றிக்கொண்டு வளரும். பந்தலைப் பற்றிப் பாகற்கொடி படர்வது போலத்தான். தீக்காயத்துக்கும் ஆறாத சர்க்கரைநோய்ப் புண்ணுக்கும் இது பயன்படுகிறது.

ஐஸ்லாந்தின் கெரெசிஸ் நிறுவனம் காட் மீனின் தோலைப் பதப்படுத்திக் காயத்துக்கு வைக்கும் படலமாக விற்கிறது. 2023-இல் டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் நிறுவனம் அதை 130 கோடி டாலர் வரை விலை பேசி வாங்கியது. பிரேசிலில் திலேப்பியா தோலைத் தீக்காயத்துக்குப் பயன்படுத்தி ஆய்வு செய்திருக்கிறார்கள். நம் கட்லா, ரோகு, திலேப்பியா வெப்ப நாட்டு மீன்கள். குளிர்கடல் மீனின் கொலாஜனைவிட இவற்றின் கொலாஜன் அதிக வெப்பத்தைத் தாங்கும். மாடு, பன்றியிலிருந்து எடுக்கும் கொலாஜனை மத நம்பிக்கை காரணமாக மறுப்பவர்களும் மீனிலிருந்து எடுத்ததை ஏற்றுக்கொள்ள வாய்ப்பு உண்டு. சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும், கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் இத்துறையில் அனுபவம் உள்ளவை.

அதற்காக, வீட்டிலேயே கொலாஜன் எடுக்கலாம் என்று யாராவது பயிற்சிக்குப் பணம் கேட்டால் நம்பாதீர்கள். செதிலின் சுண்ணாம்புச் சத்தை அமிலத்தில் நீக்கி, கடுங்குளிரில் புரதத்தைப் பிரித்து, உறைநிலையில் உலர்த்தி, கிருமி நீக்கி, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதியும் பெற வேண்டும். அது ஆலை வேலை. காப்பி கவாத்து செய்யும்போது கத்தி பட்டாலோ, மிளகு பறிக்க ஏறி விழுந்தாலோ, காயத்தில் பச்சை மீன்தோலை ஒட்டவே கூடாது. சீழ் பிடிக்கும். மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

நம் வேலை பிரித்துக் கொடுப்பது. பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பவரும், மீன் வெட்டிக் கொடுப்பவரும் இரண்டு வாளி வைத்தால் போதும். ஒன்றில் செதிலும் தோலும். உடனே கழுவி ஐஸில் வைக்க வேண்டும். மற்றதில் தலையும் குடலும். குடல் கலந்தால் அதிலுள்ள நொதிகள் புரதத்தைச் சிதைத்துவிடும். வங்கதேசத்தில் சந்தைச் செதிலைச் சேகரித்துக் காயவைத்து ஏற்றுமதியே செய்கிறார்கள்.

இரண்டாவது வாளிக்கு இன்றே பயன் உண்டு. சம எடை வெல்லம் சேர்த்து மூடி, மூன்று, நான்கு வாரம் வைத்தால் மீன் அமிலம். வடிகட்டி, 10 லிட்டர் நீருக்கு 50 மி.லி. கலந்து மிளகுக்கும் காய்கறிக்கும் தெளிக்கலாம். கொட்டிய கழிவைத் தேடிக் காட்டுப்பன்றி வருவதும் குறையும்.

முதல் வாளியை வாங்க ஆள் இல்லாததுதான் சிக்கல். மேட்டூர் அணை மீனும் சேலம் சந்தை மீனும் வெட்டப்படும் இடத்தில் குளிர்பதன வசதியோடு ஒரு சேகரிப்பு மையத்தை மீன்வளத் துறை அமைக்க வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அதை நடத்தலாம். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம் தரம் பிரிக்கப் பயிற்சி தரலாம். விரிவாக்கப் பணியாளர்கள் இந்தக் கோரிக்கையை மேலே கொண்டுசெல்ல வேண்டும்.

விலையைக் கிலோ கணக்கில் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இலவசமாக அள்ளிப்போக விட்டால், நம் கழிவிலிருந்து செய்த மருந்தை நாமே பெரிய விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும்.