இக்காலத்தின் உபசார நிருபங்கள்



ஆதிச் சபையில் ஓர் ஊரிலிருந்து வேற்றூருக்குப் போகிற விசுவாசி உபசார நிருபம் ஒன்றைக் கொண்டுசெல்வது வழக்கம். அப்பொல்லோ அகாயாவுக்குப் போக விரும்பியபோது, எபேசுவிலிருந்த சகோதரர் அங்குள்ள சீஷர்களுக்கு அவரைக் குறித்து எழுதினார்கள். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளை ரோமாபுரியார் ஏற்றுக்கொள்ளும்படி பவுல் தம் நிருபத்தின் முடிவில் எழுதினார். பெபேயாள் தம்மைப் பற்றித் தாமே நாள் முழுவதும் பேசியிருந்தாலும், பவுலின் அந்தச் சில சொற்களுக்கு இருந்த எடை அதற்கு வந்திராது. எழுதியவர் யார் என்பதே நிருபத்தின் மதிப்பு.

இந்த வாரம் இதை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் மலையில் விருந்தினரை நம்பி வாழும் குடும்பங்கள் அநேகம். ஒருவர் வீட்டின் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். ஒருவர் மலைப்பூண்டு விற்கிறார். ஒருவர் வீட்டிலேயே சாக்லேட் செய்கிறார். பிள்ளைகள் அவர்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த நேரத்தில் கைபேசிக்கு ஒரு செய்தி வருகிறது: சில ஆயிரம் ரூபாய் செலுத்தினால், மற்ற இணையதளங்களிலிருந்து உங்கள் தளத்திற்கு நூற்றுக்கணக்கான இணைப்புகளைப் பெற்றுத் தருகிறோம், கூகுளில் முதலிடம் வந்துவிடும். இதை வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

வாங்கக் கூடாது என்பதே என் கருத்து. ஆயினும் வேண்டாம் என்று சொல்லி நிறுத்திவிட்டால் உங்கள் வயிற்றுப்பாட்டுக்கு அது விடையாகாது. ஆகையால் இணைப்பு என்பது எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் விளக்க விரும்புகிறேன்.

ஓர் இணையதளம் மற்றொன்றுக்குத் தரும் இணைப்பு மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, அது ஒரு பாதை. அங்கே வாசித்துக்கொண்டிருப்பவர் அதைத் தொட்டு உங்களிடம் வந்துசேருகிறார். இரண்டாவது, தேடுபொறியின் தானியங்கி நிரல்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு இணைப்புகளின் வழியாகவே நடந்து புதிய பக்கங்களைக் கண்டுபிடிக்கின்றன. எந்த இணைப்பும் இல்லாத பக்கம், வண்டித்தடமே இல்லாத சோலைக்குள் கட்டிய வீட்டைப் போன்றது. மூன்றாவது, அது ஒரு சாட்சி. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களாயிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் இந்த மூன்றாவது வேலையைக் கணக்காக மாற்றினார்கள். ஒரு பக்கத்தை எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்பது மட்டும் அல்ல, சுட்டுகிறவரை எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்பதும் அந்தக் கணக்கில் சேரும். ஒரு பக்கம் தன் மதிப்பை, தான் சுட்டும் எல்லாப் பக்கங்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஆயிரம் பேரைக் கண்மூடிச் சுட்டுகிறவரின் சொல்லில் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு மிகச் சிறியது. நம்பத்தக்க ஒருவர் ஐந்து பேரை மட்டும் சுட்டினால் அந்தப் பங்கு பெரியது. இன்று கூகுள் வேறு பல அளவுகோல்களையும் சேர்த்தே பார்க்கிறது. ஆனாலும் இந்த அடிப்படை நீங்கிப்போகவில்லை.

இந்த எண்ணம் அறிவியலாளரின் வழக்கத்திலிருந்து வந்தது. ஓர் ஆய்வாளர் தமக்கு முன் எழுதியவரை மேற்கோள் காட்டுகிறார். அதிகமாக மேற்கோள் காட்டப்படுவது முக்கியமானது என்று கருதப்படுகிறது. இதற்கு நம் மலையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் 1909-ஆம் ஆண்டு ஜனவரியில் சூரியப் புள்ளிகளின் விளிம்புப் பகுதியில் வாயுக்கள் வெளிநோக்கி நகர்வதைக் கண்டுபிடித்தார். அவர் அதை ஆய்வகத்தின் சொந்த அறிக்கையில் எழுதினார். உலகம் அதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயரிட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் சூரியனைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி இந்த மலையைச் சுட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சாட்சிகளை எவரும் விலைக்கு வாங்கவில்லை. சுட்டத்தக்க ஒன்று இங்கே இருந்தது, ஆகவே சுட்டினார்கள்.

சமவெளியிலும் ஓர் உதாரணம் உண்டு. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையில் ரயிலில் போகிறவர் ‘கொடைக்கானல் ரோடு’ என்ற பெயர்ப்பலகையைக் காண்கிறார். அங்கிருந்து கொடைக்கானல் சாலைவழியே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அந்த நிலையத்தில் ஏரியும் இல்லை, மூடுபனியும் இல்லை. ஆயினும் வேறெங்கோ போகிறவரின் பாதையில் நின்று, மேலே ஓர் ஊர் உண்டு என்று அந்தப் பலகை ஓயாமல் சொல்கிறது. நல்ல இணைப்பின் இலக்கணம் இதுவே: ஆட்கள் ஏற்கெனவே நடமாடும் இடத்தில் அது நிற்கிறது, தான் சுட்டுவதை அதன் சரியான பெயரால் அழைக்கிறது. இணையத்திலும் இணைப்பு எந்தச் சொற்களின்மேல் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தேடுபொறி கவனிக்கிறது. ‘இங்கே சொடுக்குக’ என்பதைக் காட்டிலும் ‘பூம்பாறை மலைப்பூண்டு’ என்பது அதிகம் சொல்லும்.

ஒரே ஒரு சுட்டுதல் எவ்வளவு பேரைக் கொண்டுவரும் என்பதையும் நாம் கண்ணாரக் கண்டோம். டெவில்ஸ் கிச்சன் என்று அழைக்கப்பட்ட பாறைக் குகைகள், 1991-இல் வெளியான ஒரு திரைப்படத்தால் குணா குகை என்று பெயர் பெற்றன. 2006-இல் கேரளத்தின் மஞ்ஞும்மல் என்னும் ஊரிலிருந்து வந்த இளைஞர்களில் ஒருவர் அங்கே ஆழத்தில் விழ, நண்பர் ஒருவர் இறங்கி அவரை மீட்டார். அந்த நிகழ்வை வைத்து எடுக்கப்பட்ட மலையாளப் படம் 2024 பிப்ரவரியில் வெளிவந்ததும், குகையைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாய் வந்தார்கள். நம் ஊரார் அதற்காக விளம்பரம் செய்யவில்லை. வேற்று மொழியில், வேற்று மாநிலத்தில், வேறொருவர் நம்மைச் சுட்டினார்.

ஆனால் அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. மலைகளால் தாங்க முடியாத வாகனப் பெருக்கத்தை முன்னிட்டு, உதகைக்கும் கொடைக்கானலுக்கும் மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025-ஆம் ஆண்டுக் கோடைக்கு, கொடைக்கானலில் வார நாட்களில் 4000 வாகனங்கள், வார இறுதியில் 6000 வாகனங்கள் என்று வரம்பும் விதித்தது. பிரியமானவர்களே, இதைச் சிந்தித்துப் பாருங்கள். கதவின் அகலம் அளக்கப்பட்டுவிட்ட ஊரில், எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைவிட, எப்படிப்பட்டவர் எதை எதிர்பார்த்து வருகிறார் என்பதே பெரிய கேள்வி. பூண்டு விவசாயத்தைப் பற்றிய கட்டுரையிலிருந்து வரும் பத்துப் பேர் பூண்டு வாங்குவார்கள். தொடர்பே இல்லாத தளத்தில் இடறி விழுந்து வரும் ஆயிரம் பேர், கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்பிவிடுவார்கள்.

இப்பொழுது விலைக்கு வாங்கும் இணைப்புக்கு வருவோம். அமெரிக்காவின் பெரிய வணிக நிறுவனமான ஜே.சி.பென்னி, 2010-ஆம் ஆண்டின் பண்டிகைக் காலத்தில் கூகுளில் பல பொருட்களைத் தேடியபோது முதலிடங்களில் வந்தது. அதன் பொருட்களோடு சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்களில் அதற்கு இணைப்புகள் இடப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் 2011 பிப்ரவரியில் வெளிப்படுத்தியது. தனக்கு இது தெரியாது என்று நிறுவனம் சொன்னது. கூகுள் அதன் இடத்தை வெகுதூரம் கீழே தள்ளிவிட்டது. 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற பெயரில் கூகுள் கொண்டுவந்த மாற்றம், இப்படிச் செயற்கையாகச் சேர்த்த இணைப்புகளையே குறிவைத்தது. இன்று அவற்றில் பெரும்பாலானவை கணக்கில் கொள்ளப்படாமல் விடப்படுகின்றன. அதாவது, உங்களுக்கு விற்கப்படுவது பெரும்பாலும் ஒன்றுமில்லாத ஒன்று. சில வேளைகளில் தண்டனையும் அதோடு வரும்.

“விளம்பரத்துக்குப் பணம் கொடுக்கலாம், இணைப்புக்குக் கொடுத்தால் மட்டும் தவறா?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. விளம்பரம் தன்னை விளம்பரம் என்று சொல்லிக்கொள்கிறது. பணம் பெற்று இடும் இணைப்பையும் அப்படியே குறித்துக் காட்டலாம்; அதற்கென்றே 2019 முதல் தனி அடையாளம் இருக்கிறது. அப்படிக் குறித்துவிட்டால் அதில் வஞ்சகம் இல்லை. மறைத்து வைத்து, மனமுவந்து தந்த சாட்சிபோல் காட்டுவதே பிழை. நீதிமொழிகளின் ஞானி கள்ளத்தராசைக் கண்டிக்கிறார். பூண்டை நிறுக்கும் தராசில் விரலை வைக்க மாட்டோம் என்கிற நாம், நம் பெயரை நிறுக்கும் தராசில் மட்டும் விரலை வைக்கலாமா?

அப்படியானால் செய்யவேண்டியது என்ன?

சுட்டத்தக்க ஒன்றை முதலில் எழுதுங்கள். ‘வசதியான அறைகள், இயற்கைச் சூழல்’ என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அதை யாரும் எடுத்துக்காட்ட மாட்டார்கள். கொடை ரோட்டில் இறங்குகிறவர் பேருந்தில் உங்கள் கிராமத்துக்கு எப்படி வரவேண்டும், மாலைப் பனியில் எந்த வளைவில் கவனம் வேண்டும், இ-பாஸ் எப்படி எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை நீங்கள் எப்போது நடுகிறீர்கள், எப்படி உலர்த்திக் காக்கிறீர்கள் என்று படத்தோடு எழுதுங்கள். உணவைப் பற்றி எழுதுகிறவர்கள் தேடி வருவார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. அடுத்து 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. உங்கள் சரிவில் குறிஞ்சிச் செடிகள் வளர்வதை ஆண்டுதோறும் படமெடுத்து நாளிட்டு வைக்கிற இளைஞன் நம் சபையில் ஒருவன் இருந்தால், அந்த நாளில் பத்திரிகைகளும் தாவரவியலாரும் அவனைச் சுட்டாமல் இருக்க முடியாது.

உங்களை அறிந்தவரிடம் கேட்கத் தயங்காதீர்கள். கேட்பது குற்றமல்ல, தகுதியற்ற சாட்சியைக் கேட்பதே குற்றம். உங்கள் வீட்டில் தங்கி மலையேற்றம் போன குழு, உங்களிடம் பூண்டு வாங்கும் கடை, பாடம் படிக்க மாணவரை அழைத்துவந்த கல்லூரித்துறை இவர்களுக்கெல்லாம் தளங்கள் உண்டு. வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் பகிரப்படும் இணைப்புகள் தேடுபொறியின் கணக்கில் எடை கூட்டாவிட்டாலும், அவற்றின் வழியே மனிதர் நடந்து வருவார்கள். ஒருமுறை சுட்டப்பட்ட பக்கத்தின் முகவரியை மாற்றாதீர்கள். மாற்றினால், நிருபத்தோடு வந்தவர் பூட்டிய கதவின் முன் நிற்பார்.

கடைசியாக ஒன்று. இந்த ஏற்பாட்டில் ஓர் அநீதியும் உண்டு என்பதை நான் மறைக்க மாட்டேன். ஏற்கெனவே அறியப்பட்டவரையே எல்லாரும் சுட்டுகிறார்கள்; ஆகவே அவரே மேலும் அறியப்படுகிறார். முன்பதிவுத் தளங்கள் முதல் பக்கத்தை நிரப்பிக்கொள்ள, மன்னவனூரில் இரண்டு அறை வைத்திருக்கும் விதவைத் தாயை யார் காண்பார்கள்? இங்கேதான் நம் கடமை தொடங்குகிறது. சவுல் எருசலேமுக்கு வந்தபோது எல்லாரும் அவருக்குப் பயந்தார்கள், ஒருவரும் நம்பவில்லை. பர்னபா, சபையில் தமக்கிருந்த நற்பெயரைப் பணயம் வைத்து, அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துப்போனார். அறியப்பட்டவர் ஒருவர் அறியப்படாதவரைச் சுட்டினார். பின்பு உலகம் பவுலை அறிந்தது.

நம்மில் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பெரிய கடைகளையும் விடுதிகளையும் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் தளங்களைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து வெளியே போகும் இணைப்புகள் எத்தனை? அவற்றில் நம் மலையின் சிறியவர் ஒருவருக்காவது பாதை உண்டா? உங்கள் அறைகள் நிறைந்துவிட்ட நாளில், வருகிறவரை அடுத்த வீட்டுக்குச் சுட்டுகிறீர்களா? இந்த வாரத்தில் நீங்கள் உண்மையாகவே அறிந்த, மனமார நம்புகிற ஒருவரைத் தெரிந்துகொண்டு, அவருடைய பெயரின்மேல் ஓர் இணைப்பை இடுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை; உங்கள் நற்பெயரின் ஒரு பங்கு மட்டும் அவருக்குப் போகும்.

கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக.