துப்பாக்கித் தொலைநோக்கியின் தேர்வு: பெருக்கமே பெருமையன்று

தொலைநோக்கி என்றவுடன், அது எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும் என்று கேட்பதே நம்மிற் பலருக்கு வழக்கம். பெருக்கம் மிகுந்த கருவியே சிறந்தது என்னும் எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வானியலில்கூட இஃது முழு உண்மையன்று. துப்பாக்கியின் முன்பகுதியில் பொருத்தப்படும் தொலைநோக்கியைப் பொறுத்தமட்டில், இது பெருந்தவறு என்பதே என் கருத்து.

தொலைநோக்கியை முன்னே தள்ளி அமைக்க வேண்டிய தேவை எவ்வாறு எழுந்தது? 1936-இல் அமெரிக்கத் தரைப்படை ஏற்றுக்கொண்ட எம்-1 காரண்ட் என்னும் அரைத் தானியங்கித் துப்பாக்கி இதற்கு நல்ல சான்று. இதில் 8 தோட்டாக்கள் அடங்கிய உலோகக் கிளிப்பு மேற்புறமாகவே உட்செலுத்தப்படுகிறது. கடைசித் தோட்டா வெடித்ததும் வெற்றுக் கிளிப்பு மேல்நோக்கியே துள்ளி விழுகிறது. ஆகவே அவ்விடத்திற்கு நேர்மேலே எதனையும் பொருத்த இயலாது. இரண்டாம் உலகப்போரின்போது உருவான எம்-1 சி வகையில், தொலைநோக்கியை இடப்புறமாக ஒதுக்கி வைத்தனர். கன்னம் சரியாகப் பதிவதற்காகக் கட்டையில் தோல் மெத்தை ஒன்றையும் கட்ட நேர்ந்தது. மற்றொரு வழி, தொலைநோக்கியை முன்னே நகர்த்திக் குழலின் மீது அமைப்பதாகும். பின்புறக் கைக்காப்பை அகற்றி, அவ்விடத்தில் பொருத்தும் தாங்கிகள் இன்று கிடைக்கின்றன. இவற்றிற்காகப் பழைய துப்பாக்கியில் துளையிட வேண்டுவதில்லை. வரலாற்று மதிப்புள்ள பொருளில் இட்ட துளையை மீண்டும் அடைத்துப் பழைய நிலைக்குக் கொணர முடியாதாதலின், இஃதொரு சிறந்த நன்மை.

ஆனால் இந்நன்மைக்கு ஒளியியல் ஒரு விலை கேட்கிறது. முழுக்காட்சியும் தெரியும்படி கண்ணுக்கும் கண்ணருகு லென்சுக்கும் இடையே இருக்கவேண்டிய தொலைவை ஆங்கிலத்தில் 'ஐ ரிலீஃப்' என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் 'கண் நிவாரணம்' என்று எழுதினால், படிப்பவர் மருந்துக் கடையைத் தேடுவார்! 'கண் விலகுதூரம்' என்பதே பொருளுணர்த்தும் சொல்லாகும். சாதாரணத் துப்பாக்கித் தொலைநோக்கியில் இது ஏறத்தாழ 90 மில்லிமீட்டர். முன்னமைப்பிலோ 250 மில்லிமீட்டர் அளவு வேண்டியிருக்கும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். கண்ணருகு லென்சின் விட்டம் 30 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். 90 மில்லிமீட்டர் தொலைவிலிருந்து காணும்போது அது ஏறத்தாழ 19 பாகைக் கோணத்தை அடைக்கும். 250 மில்லிமீட்டரில் 7 பாகையையே அடைக்கும். இக்கோணத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் உண்மையான பார்வைப் புலம் கிடைக்கும். முன்னமைப்பில் 2.5 மடங்கு பெருக்கம் உடைய கருவி, 100 மீட்டருக்கு அப்பால் ஏறக்குறைய 4.8 மீட்டர் அகலத்தைக் காட்டும். அதனையே 7 மடங்காக்கினால், 1.7 மீட்டர்தான் எஞ்சும். இலக்கைச் சூழ நிற்பது இன்னது என்று அறியாமல் விசையைத் தொடுவது ஆபத்து. பெருக்கத்தை விரும்பிச் சூழலை இழப்பது, ஓட்டை வழியே ஊரைப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் தங்கள் துப்பாக்கிகளில் முன்னமைத்த இசட்-எப் 41 கருவியின் பெருக்கம் 1.5 மடங்கே, அப்படியிருந்தும் அதன் கண்ணருகு லென்சு மிகச் சிறிதாதலால் பார்வைப் புலம் குறுகியே இருந்தது. பின்னாளில் அமெரிக்கரான ஜெஃப் கூப்பர் வகுத்த 'ஸ்கவுட்' துப்பாக்கியிலும் குறைந்த பெருக்கமே விதியாயிற்று. இரு கண்களையும் திறந்து வைத்து, ஒன்றால் இலக்கையும் மற்றொன்றால் சூழலையும் காண்பதே அவ்வமைப்பின் உயிர்நாடி.

வேறு சிலவும் கருதத் தக்கன. முதுகுப்புறமிருந்து வரும் வெயில் கண்ணருகு லென்சில் பட்டுக் காட்சியை மங்கச் செய்யும். தொடர்ந்து சுடும்போது குழல் சூடேறி, கானலால் உருவம் நடுங்கும். தாங்கி அணுவளவு அசைந்தாலும் குறி தவறும்.

பெருக்கமே இல்லாத செம்புள்ளிக் காட்டிக்குக் கண் விலகுதூரம் என்னும் தொல்லை இல்லை. அயர்லாந்தின் ஹோவர்டு கிரப் 1900-இல் வகுத்த தத்துவத்தின் வழித்தோன்றல் அது. எனினும் மின்கலம் தீர்ந்தால் அது பயன்படாது. சமனற்ற பார்வை உடையவர்க்குப் புள்ளி சிதறித் தோன்றும்.

ஆகவே, 100 மீட்டருக்குட்பட்ட பணிக்குச் செம்புள்ளிக் காட்டியும், இலக்கைத் தெளிவாக இனங்காண வேண்டிய சற்று மிகுந்த தொலைவுக்கு 2 முதல் 2.5 மடங்குத் தொலைநோக்கியும் தக்கன. அதற்கும் மேற்பட்ட பெருக்கம் தேவையெனில், முன்னமைப்பைக் கைவிடுவதே அறிவுடைமை. கருவியை வாங்குவோர் முதலிற் கேட்கவேண்டியன மூன்று: கண் எங்கே இருக்கும்? புலம் எவ்வளவு? தாங்கி உறுதியானதா? பெருக்க எண்ணை நான்காவதாகக் கேட்டால் போதும்.