வீட்டாருக்கும் சேர்த்தே தடுப்பூசி

‘இரண்டு தவணையும் போட்டாயிற்று, இனி முகக்கவசம் எதற்கு?’ என்று மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் எங்களிடம் கேட்கின்றனர். புதிய உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க அவர்கள் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகள், குறிப்பாக மைக்கோஃபீனோலேட், தடுப்பூசியின் பயனையும் குறைத்துவிடுகின்றன. 2021இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் உறுப்பு மாற்று பெற்ற 658 பேரை ஆராய்ந்தனர். எம்ஆர்என்ஏ தடுப்பூசி இரு தவணை பெற்ற பின்னரும் 46 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பொருள் காணப்படவில்லை. இவர்களுக்குக் கூடுதல் தவணை பரிந்துரைக்கப்பட்டது இதனால்தான்.

அதற்காகத் தடுப்பூசியே வீண் என்பது தவறு. ஊசி வேலை செய்யட்டும் என்று மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவது அதனினும் பெருந்தவறு. பெற்ற உறுப்பையே இழக்க நேரிடும்.

எங்களைக் கவலையுறச் செய்வது வீட்டாரின் அலட்சியமே. நோயாளிக்கு மட்டும் ஊசி போட்டு அழைத்துச் செல்கின்றனர். பாட்டி வெளியே செல்வதில்லையாம், தம்பிக்கு விடுப்பு இல்லையாம். பாட்டியைப் பார்க்க வருவோர் இல்லையா? உடனிருப்போர் அனைவரின் தடுப்பூசியையும் நோயாளியின் மருந்துச்சீட்டிலேயே எழுதவேண்டும் என்பது எங்கள் கருத்து.

காய்ச்சல் கண்டால் அன்றே எங்களை அழையுங்கள். கொரோனாவுக்கான பேக்ஸ்லோவிட் மாத்திரை இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும். எங்களைக் கேளாமல் அதை உட்கொள்ள வேண்டா.