சித்தியின் பெயர் யாருக்குச் சொந்தம்?

திருவண்ணாமலையில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் என் சித்தி குடியிருக்கிறாள். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் வீட்டிலேயே செய்து விற்கிறாள். ஆசிரமத்துக்கு வந்து போகிறவர்கள் ஜெர்மனியிலிருந்துகூடக் கேட்டு எழுதுகிறார்கள் என்பதில் அவளுக்கு ஒரே பெருமை. மூன்று வருஷமாக அவளுக்கு வெப்சைட்டும் உண்டு. உண்டு என்றா சொன்னேன்? இருந்தது.

போன கார்த்திகை தீபத்துக்குப் போயிருந்தபோது, சித்தி கூடத்தில் பாக்கெட் லேபிள்களைப் பரப்பிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வரியைக் கறுப்பு மையால் அடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சித்தி இது?”

“என் விலாசத்தைத் தட்டினால் எவனோ சீட்டாட்ட விளம்பரம் போடுகிறானடி! அப்பளம் கேட்டு வருகிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?”

விசாரித்தேன். வெப்சைட் செய்து கொடுத்த பையன், டொமைன் பெயரைத் தன் பெயரிலேயே, தன் ஈமெயிலைக் கொடுத்தே பதிவு செய்திருக்கிறான். கெட்ட பையன் அல்ல. உத்தியோகம் கிடைத்து வெளிநாடு போனான். பழைய ஈமெயிலை எட்டிப் பார்ப்பதை விட்டான். ‘தவணை முடிகிறது’ என்று வந்த கடிதங்கள் எல்லாம் அங்கே தூங்கின.

“பணம் கொடுத்து வாங்கின பெயர் என்னுடையது இல்லையா?” என்றாள் சித்தி.

இல்லை. இந்தப் பெயர்களை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, குத்தகைக்குத்தான் எடுக்கிறோம். ஒரு வருஷத்துக்கு எடுக்கலாம், ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து வருஷத்துக்கு எடுக்கலாம். ‘டாட் காம்’ பெயர் தவணை தவறி ரத்தானால், அபராதம் கட்டி மீட்க 30 நாள் அவகாசம் தருவார்கள். அப்புறம் 5 நாள் கழித்து, முந்திக்கொண்டவருக்கே பெயர். பணக்காரர்களுக்கும் இந்த மறதி உண்டு. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் கம்பெனியே ஒரு பெயரைப் புதுப்பிக்க மறந்துவிட்டது. ஹாட்மெயிலில் பலர் நுழைய முடியாமல் தவித்தார்கள். சம்பந்தமே இல்லாத ஒருவர் 35 டாலரைத் தன் கையிலிருந்து கட்டிக் காப்பாற்றினார். சித்திக்கு அப்படி ஒரு புண்ணியவான் கிடைக்கவில்லை.

“பகவான் 1896-ல் வீட்டை விட்டு வந்தபோது எழுதி வைத்த சீட்டில் கையெழுத்துக்கூடப் போடவில்லை. எனக்கு மட்டும் பெயர் எதற்கு, பதிவு எதற்கு?” என்று பெருமூச்சு விட்டாள்.

“அவர் பொடி விற்கவில்லையே, சித்தி!”

சிரித்துவிட்டாள். உடனே, “அப்படியானால் புதுப் பெயரில் ‘ரமணா’ என்று வரட்டும்” என்றாள். நான் சம்மதிக்கவில்லை. பார்க்கிறவர்கள் ஆசிரமமே பொடி இடிப்பதாக நினைப்பார்கள். சட்டமும் பார்த்துக்கொண்டு சும்மா இராது. சென்னையின் சத்யம் இன்ஃபோவே கம்பெனி ‘சிஃபி’ என்ற பெயரில் நடந்து வந்தது. வேறொரு கம்பெனி ஓரெழுத்தைக் கூட்டி ‘சிஃபிநெட்’ என்று பதிவு செய்துகொண்டது. சுப்ரீம் கோர்ட் வரை போன வழக்கில், டொமைன் பெயருக்கும் வியாபாரப் பெயரைப் போலவே பாதுகாப்பு உண்டு என்று 2004-ல் தீர்ப்பாயிற்று.

ஊர்ப் பெயரை வைக்கலாமென்றால் இங்கிலீஷ் எழுத்து வம்பு. ‘டி’க்குப் பின் ‘எச்’ உண்டா, இல்லையா? ‘என்’ ஒன்றா, இரண்டா? 1767-ல் இங்கே ஹைதர் அலியுடன் சண்டையிட்ட வெள்ளைக்காரர்கள் ‘டிரினோமலி’ என்றே எழுதிவைத்தார்கள்!

நான் ஒரு பரீட்சை வைத்தேன். பெயரைப் போனில் ஒரே தடவை சொல்வது. மதுரையிலிருக்கும் பெரியம்மா அதை எழுதி அனுப்புவது. ஆசிரமத்து மயில்களை நினைத்து, சித்தி ‘மயில்’ என்றாள். பெரியம்மா எழுதியது ‘மெயில்’! ‘அருணாசலம்’ மூன்று தடவையும் மூன்று விதமாக வந்தது. ஆறாவது பெயர்தான் தேறிற்று. அது என்னவென்று எழுதினால் விளம்பரம் என்று ஆசிரியர் அடித்துவிடுவார்.

தமிழிலேயே பெயர் வைத்து, முடிவில் ‘.இந்தியா’ என்று போடவும் வசதி இருக்கிறது. எனக்கு ஆசைதான். ஆனால் ஜெர்மனிக்காரர் அதைத் தட்ட வேண்டுமே! ‘டாட் இன்’ போதுமென்று முடிவு செய்தோம்.

பதிவு பத்தே நிமிஷத்தில் முடிந்தது. முதல் வருஷத்து விலை கொஞ்சம், மறு வருஷத்திலிருந்து கூடுதல் என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்; கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய இடம் அதுதான். சித்தியின் பெயர், சித்தியின் ஈமெயில், சித்தியின் போன் நம்பர். அந்த ஈமெயிலும் புது டொமைனைச் சேர்ந்ததாக இல்லாமல் பார்த்துக்கொண்டேன். டொமைன் போனால் எச்சரிக்கைக் கடிதமும் அதோடு போய்விடும்.

“தீபம் வந்தால் புதுப்பிக்க ஞாபகம் வந்துவிடும்” என்றாள் சித்தி.

“தீபம் வருஷா வருஷம் தேதி மாறும், சித்தி. இங்கிலீஷ் தேதியை எழுதிக்கொள்.”

பால் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குக் கீழே எழுதிக்கொண்டாள். பாஸ்வேர்டையும் அங்கேயே எழுதப் போனவளின் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியதாயிற்று.