பழைய லென்சைப் பழிப்போர் கவனத்துக்கு

கள ஆய்வுக் காணொளிக்குப் பழைய ஃபிலிம் லென்சுகள் தகா என்னும் வாதம் ஒளியியல் அறியாமையன்றி வேறல்ல. ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. ஆகிவிடும் என்பர். ஆகாது. குவியத் தொலைவு மாறுவதில்லை. சிறிய சென்சார் பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்வதால் பார்வைக் கோணம் குறுகுகிறது.

குறுகியதை மீட்பதே ஃபோகல் ரெட்யூசர். 2013இல் மெட்டாபோன்ஸ் அதனை 'ஸ்பீட் பூஸ்டர்' என விற்பனைக்குக் கொணர்ந்தது; வானியலாளர்கள் தொலைநோக்கிகளில் முன்பே கையாண்ட நெறிதான் அது. 0.71 மடங்கு சுருக்கும் ரெட்யூசரை மிரர்லெஸ் கேமராவில் பொருத்தினால், சோவியத் தயாரிப்பான ஹீலியோஸ் 44-2இன் 58 மி.மீ. ஏறத்தாழ 41 ஆகிறது. எஃப்/2 துளை எஃப்/1.4 அளவுக்கு உயர்கிறது. ஒளி புதிதாகப் பிறப்பதில்லை. பரந்து விழுந்தது செறிந்து விழுகிறது.

இந்த ஒரு ஸ்டாப் அற்பமன்று. 1956 மாநிலச் சீரமைப்பில் கேரளத்தில் நின்றுவிட்ட குளத்தூர், பாறசாலை எல்லை ஊர்களில் மூத்தோரின் தமிழைப் பதிவு செய்யும் மாணவருக்கு அந்திநேரத் திண்ணையே படப்பிடிப்புக் கூடம். முகத்தெதிரே மின்விளக்கை நிறுத்தினால் பேச்சு இயல்பிழக்கும். ஐஎஸ்ஓ 3200க்கு மாற்றாக 1600 போதுமெனில், உதட்டசைவு இரைச்சற் புள்ளிகளில் மங்காது.

ஓரங்களில் கூர்மை குறையலாம். ஃபோகஸைக் கையால் திருப்பவும் வேண்டும். உண்மையே. ஆயினும் பேசுபவரின் உதடுகள் சட்டகத்தின் ஓரத்தில் இருப்பதில்லை. கருவியின் விலைகொண்டு ஆய்வின் தரத்தை அளப்போர் ஒன்றை உணர வேண்டும்: மாணவர் புதிய லென்ஸ் வாங்கும்வரை அம்மூத்தோர் காத்திருக்கப்போவதில்லை.